கல்யாண நாளுக்கு வண்டியில் கிளம்புகிறீர்களா? பின் சீட்டிலிருந்து சில எச்சரிக்கைகள்

பாளையங்கோட்டையிலிருந்து கேரளத்து வர்க்கலா ஏறத்தாழ 160 கிலோமீட்டர். போன் காட்டிய நேரம் நாலரை மணி. எங்களுக்கு ஆனது எட்டே முக்கால். கல்யாணமாகி 15 வருஷம் முடிந்ததற்காக, பிள்ளைகள் இரண்டு பேரையும் ஆச்சியிடம் விட்டுவிட்டு, கடலோரத்தில் இரண்டு நாள் தங்க என் வீட்டுக்காரர் போட்ட திட்டம் அது. போய் இறங்கிய அன்று சாயங்காலம் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட நான் கேட்கவில்லை. குப்புறப் படுத்தவள் மறுநாள் காலையில்தான் எழுந்தேன்.

பைக் பயணத்துக்கு யோசனை சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்கள். அவர்களுக்குக் கை, கால், கண் எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது, பள்ளம் வருவது முன்பே தெரிகிறது, அலுத்தால் நிறுத்திக்கொள்ளலாம். பின்னால் இருப்பவருக்கு உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் வேலை. அதைத் தொடர்ந்து நாலு மணி நேரம் செய்து பார்த்தால்தான் எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். அதனால் இந்தத் தவறுகளைப் பின் சீட்டு கணக்கிலேயே சொல்கிறேன். சிலது அவர் செய்தது, சிலது நான் செய்தது.

சொல்லாமல் கூட்டிப்போவது

இதுதான் தலையாய தவறு. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. "ஒரு இடத்துக்குப் போறோம், எங்கன்னு கேக்காத" என்றார். நம்ம ஊரில் ஆவணி மாதம் இரண்டு நாள் துணி எடுத்து வை என்றால் என்ன அர்த்தம்? குற்றாலம்தானே! 60 கிலோமீட்டருக்குள் பயணம், பாதி வழியில் ஒரு டீ, போய்ச் சேர்ந்ததும் அருவி. அந்தக் கணக்கில் புடவை கட்டினேன், மெல்லிய செருப்பு போட்டேன், தோளில் கைப்பை மாட்டினேன், தலை நிறையப் பிச்சிப்பூ வைத்தேன்.

தென்காசி தாண்டி வண்டி குற்றாலத்துக்குத் திரும்பாமல் செங்கோட்டை ரோட்டில் போனது. "அத்தான், எங்கன போறோம்?" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "இந்தா வந்துட்டுளா, கொஞ்ச தூரந்தான்" என்று பதில் வந்தது. அந்தக் கொஞ்ச தூரம் இன்னும் நூறு கிலோமீட்டர்.

60 கிலோமீட்டருக்குத் தயாரான உடம்பும் 160-க்குத் தயாரான உடம்பும் வேறு. எவ்வளவு தூரம் மிச்சம் என்று தெரியாதபோது ஒவ்வொரு பள்ளமும் இரண்டாக வலிக்கிறது. அறையை, கேக்கை, பரிசை எதை வேண்டுமானாலும் மறைத்து வையுங்கள். ஊரையும் தூரத்தையும் போகிற வழியையும் மறைக்காதீர்கள்.

மாதத்தையும் காற்றையும் மறப்பது

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் இந்த வழி ஏமாற்றும். திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை வரை சமவெளி. புளியரையில் மலை ஏறத் தொடங்கி ஆரியங்காவு, தென்மலை வழியாகக் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். புனலூருக்கு அப்புறம் ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடைவெளியே தெரியாத கேரளத்து ரோடு. மூன்றும் மூன்று வேகம். ஓய்வையும் சேர்த்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு.

அப்புறம் காற்று. வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைத் தொடரில் செங்கோட்டைப் பக்கமுள்ள இடைவெளி வழியாகப் பீறிட்டு வரும். ஆலங்குளம், சுரண்டை பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். குற்றாலச் சாரலை ரசிக்கிற நாம், மேற்கே வண்டி ஓட்டினால் அதே காற்று நேராக நெஞ்சில் மோதும் என்பதை யோசிப்பதில்லை. ஓட்டுகிறவருக்கு அது நேராக வரும். பின்னால் இருப்பவருக்கு அவருடைய ஹெல்மெட்டில் பட்டு, சிதறிச் சுழன்று வரும். தலை இடமும் வலமும் ஆடும், கழுத்து இறுகும், காதில் ஓயாத இரைச்சல். வேகம் கூடக் கூட இது பல மடங்காகும். எதிர்காற்றில் 70-ல் போவதைவிட 50-ல் போனால் சேரும் நேரம் அதிகம் மாறாது, கழுத்து பிழைக்கும். விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும். வெயில் ஏறிய பின்தான் அதற்குத் திமிர் வரும்.

நாங்கள் விடியற்காலையில் கிளம்பினோமா? இல்லை. காலையில் நெல்லையப்பரையும் காந்திமதியம்மனையும் பார்த்துவிட்டு வந்தோம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார் அத்தை. சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்பது. அன்று சனிக்கிழமை, ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். ஆக, நல்ல நேரம் பார்த்து, உச்சி வெயிலுக்கும் முழுக் காற்றுக்கும் நேராகக் கிளம்பினோம். கோயிலுக்கு முந்தின நாள் சாயங்காலமே போயிருக்கலாம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ராகுவும் தூங்கிக்கொண்டிருப்பார், அத்தையும் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆவணியில் இன்னொரு சங்கதி, ஓணம். நம்முடைய ஆவணிதான் மலையாளிகளுடைய சிங்கம் மாதம். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் மலையேறும். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தால் அதைப் பார்க்கக் கேரளத்திலிருந்து கார்கள் இறங்கும். ரோடு இரண்டு பக்கமும் நெரியும், அறை வாடகையும் ஏறும். நம்ம பக்கம் பாதிக் கல்யாணம் ஆவணியில்தான் நடக்கிறது என்பதால் இது பல பேருக்குப் பொருந்தும். திருவோணம் என்றைக்கு என்று காலண்டரில் பார்த்துவிட்டு, முன்போ பின்போ ஒரு வாரம் தள்ளிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. கல்யாண நாள் கோபித்துக்கொள்ளாது.

சீட்டை நம்புவது

வண்டியை சர்வீஸ் விட்டாச்சு, ஆயில் மாற்றியாச்சு என்று திருப்தியாக இருந்தார். பின் சீட்டில் ஒரு தடவையாவது அவர் உட்கார்ந்து பார்த்ததுண்டா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் யாரோ நண்பர் வண்டியில் உட்கார்ந்தாராம்.

அன்றாட ஓட்டத்துக்கான 150 சிசி வண்டிகளில் பின் சீட்டு குறுகலாக, முன் சீட்டைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். உட்காருகிற இடம் ஏறத்தாழப் பின் சக்கரத்துக்கு நேர் மேலே வருவதால், சக்கரம் வாங்குகிற அடியை முழுசாக வாங்குவது பின்னால் இருப்பவர்தான். கால் வைக்கும் இடமும் உயரம் என்பதால் முழங்கால் மடங்கியே இருக்கும். கால் தாங்க வேண்டிய பாரமும் வால் எலும்பின்மேல் இறங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும், இரண்டாவது மணியில் எரியும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று எழுதுவது நாகரிகமில்லை.

துண்டை நாலாக மடித்துப் போட்டால் சரியாகும் என்பார்கள். நானும் பாவூர்சத்திரத்தில் போட்டேன். இரண்டு பிரேக்குக்குள் அது நழுவி ஒரு பக்கம் சுருண்டு, முன்பைவிட மோசம். போடுகிற எதுவாக இருந்தாலும் சீட்டோடு பட்டை வைத்துக் கட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். காற்று ஊதும் சீட்டுத் தலையணை கிடைக்கிறது. அதைத் தம் பிடித்து முழுக்க ஊதினால் பந்துமேல் உட்கார்ந்த கதைதான். பாதி காற்று போதும். சீட் கவர் கடையில் கொடுத்துப் பின் சீட்டுக்கு மட்டும் நல்ல ஃபோம் வைத்து அகலப்படுத்தித் தைக்கவும் செய்வார்கள். இரண்டு பேராக அடிக்கடி போகிறவர்களுக்கு இதுதான் நிரந்தர வழி.

காசே செலவில்லாத இரண்டு வேலைகள் உண்டு, இரண்டையும் நாங்கள் செய்யவில்லை. ஒன்று, பின் டயர் காற்று. ஒருவர் போக ஒரு அளவு, இருவர் போக ஒரு அளவு என்று செயின் கவரிலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். எங்கள் வண்டிக்குப் பின்னால் 28, இரண்டு பேர் என்றால் 32. தினமும் தனியாக ஆபீஸ் போகிற அதே 28-ல் என்னையும் இரண்டு பையையும் ஏற்றினார். இன்னொன்று, பின் ஷாக் அப்சார்பர். அடியில் படிப்படியாக வெட்டு இருக்கும். ஸ்பேனரால் ஒன்றிரண்டு படி ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும். தனியாளுக்குத் தளர்வாக வைத்ததில் இரண்டு பேர் ஏறினால் ஸ்பிரிங் பள்ளத்தில் அடிவரை போய் 'டங்' என்று தட்டும். அந்த 'டங்' நேராக முதுகுத்தண்டில்தான். பின்பாரம் கூடினால் வண்டியின் மூக்கு தூக்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணுக்கு அடிக்கும் என்பதையும் அன்று ராத்திரிதான், எதிரே வந்த எல்லோரும் லைட்டை அணைத்து அணைத்துக் காட்டியபோது தெரிந்துகொண்டோம்.

ஸ்பீட் பிரேக்கர் வந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏற்றுங்கள். பின்னால் இருப்பவர் ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்வார். இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் அவரை மன்னித்திருப்பேன்.

பூவும் புடவையும் அல்வாவும்

புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து கடைக்குப் போகலாம், கல்யாண வீட்டுக்குப் போகலாம். 160 கிலோமீட்டர் போகக் கூடாது. இடுப்பு ஒரு பக்கமாகவே முறுக்கிக்கொண்டிருக்கும், திருப்பத்தில் வண்டியோடு உடம்பு சாயாது. செங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் வாங்கி மாற்றிக்கொண்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. சுடிதாரிலும் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அல்லது ஜாக்கெட்டுக்குள் சொருகுங்கள். பின் சக்கரம் அதை இழுக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சோகம்.

கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது. பூ வைத்தால் பூவும் போச்சு, ஹெல்மெட்டும் போச்சு. பிச்சிப்பூ நசுங்கி வேர்வையோடு சேர்ந்தால் வருகிற வாசனை ஆரியங்காவு வரை கூடவே வந்தது. தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுவதே உத்தமம். பின்னால்தானே உட்காருகிறோம் என்று அரை ஹெல்மெட்டோடு கிளம்புவதும் வேண்டாம். சட்டப்படி இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ரோட்டோரக் கேமராக்கள் பின்னால் இருப்பவர் தலையையும் பார்த்துதான் அபராதம் எழுதுகின்றன. தவிர, முழு ஹெல்மெட் அந்தச் சுழல் காற்றின் இரைச்சலைப் பாதியாவது குறைக்கும். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். போனில் சார்ஜ் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பைகளைப் பற்றி. தோளில் மாட்டிய பை பத்து கிலோமீட்டருக்கு ஒரு கிலோ ஏறும். இருவருக்கும் நடுவில் பையை வைத்தால் பின்னால் இருப்பவர் சீட்டின் விளிம்புக்குத் தள்ளப்படுவார். இரண்டு பக்கமும் தொங்கும் சைடு பைதான் சரி, சைலன்சரைத் தொடாமல் இருந்தால். எங்கள் அறைக்காரர்களுக்குக் கொடுக்கலாமே என்று ஒரு கிலோ அல்வா வாங்கி, சைலன்சர் பக்கப் பையில் வைத்தார். திருநெல்வேலி அல்வாவுக்கு நெய்தானே பெருமை! அந்தப் பெருமை முழுக்க உருகி, கல்யாண நாளன்று உடுத்த எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவையில் இறங்கிவிட்டது.

தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பது

இது என் தவறு, நிறையப் பெண்களின் தவறு. வழியில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. காற்று அடித்துக்கொண்டே இருந்தால் வேர்ப்பது தெரியாது, உடம்பு வற்றுவதும் தெரியாது. மத்தியானம் தலைவலி பிடித்தது. அது வெயிலால் என்று நினைத்து மாத்திரை போட்டேன், அதையும் அரை மடக்குத் தண்ணீரில்!

பெட்ரோல் பங்க்கில் கழிப்பறையும் குடிநீரும் டயருக்குக் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. வழியில் ஒரு பங்க்கில் கேட்டேன். பூட்டியிருந்தது. "சாவி மேனேஜர்ட்ட இருக்கு, அவர் சாப்பிடப் போயிருக்காரு" என்றார்கள். அதனால் நான் இப்போது போட்டிருக்கும் விதி வேறு: சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தை ருசியை வைத்து முடிவு செய்யாதீர்கள், கழிப்பறையை வைத்து முடிவு செய்யுங்கள். உட்காரும் முன் ஒரு நடை உள்ளே பார்த்துவிட்டு வந்து ஆர்டர் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிய, குடும்பத்தோடு வருகிற உணவகம் என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எல்லைக்கு வந்துவிட்டோம், புரோட்டா சாப்பிடாமல் போவதா என்று செங்கோட்டைப் பக்கம் நிறுத்தினார். ஆளுக்கு நாலு, மேலே கோழி. அதன்பின் மலை ஏறினோம். வயிறு நிறைந்த தூக்கம் பின்னால் இருப்பவரை முதலில் பிடிக்கும். ஓட்டுகிறவருக்காவது ரோடு இருக்கிறது. இரண்டு தடவை என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் இடித்தது. மூன்றாவது தடவை அவரே நிறுத்திவிட்டார். போகும்போது இட்லி, திரும்பும்போது புரோட்டா என்று மாற்றிக்கொண்டால் எல்லைக் கடைகளுக்கும் நஷ்டமில்லை.

40, 45 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, வலி வந்தாலும் வராவிட்டாலும், இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். வலி வந்தபின் நிறுத்தினால் அந்த வலி போகாது, கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளும். ஹெல்மெட்டோடு பேச்சு காதில் விழாது, நாலு தடவை கத்தினால் ஒரு தடவை "ஆ?" என்று பதில் வரும். கிளம்பும் முன்பே சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டுக்குக் காரணம் கேட்கக் கூடாது.

மலையும் மழையும்

புளியரை வயலோரம் வெயில் அடிக்கும். முதல் வளைவு ஏறுவதற்குள் மழை திரையாக இறங்கும். ரெயின்கோட் பையின் அடியில் இருந்தால் அதை எடுப்பதற்குள் நனைந்திருப்பீர்கள். மேலாகவே வைத்துக்கொண்டு, மலை கறுத்திருந்தால் மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். சட்டையும் பேன்ட்டுமாகத் தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். அங்கி மாதிரி இருப்பது காற்றில் உப்பிப் படபடக்கும், சக்கரத்துப் பக்கம் போகும்.

ஆரியங்காவிலிருந்து தென்மலை வரை இறக்கம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, இன்ஜினையே அணைத்துவிடுகிற புண்ணியவான்களும் உண்டு. இரண்டு பேர் பாரத்தோடு இறங்கும் வண்டியைப் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால், விடாமல் மிதித்து மிதித்து அது சூடேறிப் பிடிமானம் குறையும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், வண்டியை இன்ஜின் பிடித்து வைக்கும். பின்னால் இருப்பவரும் இங்கே சும்மா இருக்க முடியாது. வளைவில் பயந்து எதிர்ப் பக்கம் நிமிர்ந்தால் வண்டி தடுமாறும். ஓட்டுகிறவர் தோளுக்கு மேலாக, வளைகிற பக்கத்தைப் பார்த்தால் உடம்பு தானே சாயும். இதை நான் கற்றுக்கொண்டது பாதி மலையில், ஒரு நல்ல வசவுக்குப் பிறகு.

வழியில் கழுதுருட்டியில் ரயில்வேயின் 13 கண் பாலம் ரோட்டை ஒட்டியே நிற்கிறது. நூறு வருஷத்துக்கு மேலான கல் பாலம். நேரமாகிவிட்டது என்று அங்கே நிறுத்தவில்லை. நேரத்தை எங்கெங்கோ தொலைத்துவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் மிச்சம் பிடித்தோம்.

திரும்பி வருவதை யோசிக்காதது

போகும் வழிக்கு ஒரு திட்டம், வரும் வழிக்கு ஒன்றுமில்லை. நான் வண்டியில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சண்டையாகச் சொல்லவில்லை, இடுப்பு சொன்னதைச் சொன்னேன். 2018-ல் அகலப்பாதையாகத் திறந்த பிறகு கொல்லம்–செங்கோட்டை வழியில் ரயில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. முதுகுவலி உள்ளவர்கள், டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் தொடக்கத்திலேயே இதை யோசிக்கலாம். ரயிலில் போய், வர்க்கலாவில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்றினால் கடற்கரைக் காற்றும் கிடைக்கும், முதுகும் மிஞ்சும். எங்கள் வீட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ரயிலில் போனால் அது பைக் பயணமா என்பார்.

கொல்லத்திலிருந்து மதியம் கிளம்பும் சென்னை ரயிலில் நான் ஏறினேன். பைகள் என்னோடு. அவர் தனியாக வண்டியில். 13 கண் பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோது கீழே ரோட்டில் ரெயின்கோட் போட்ட ஒருவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாலத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரா என்று தெரியவில்லை. கையை ஆட்டி வைத்தேன்.

செங்கோட்டை ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். பின் சீட்டில் கொல்லத்தில் வாங்கிய காற்றுத் தலையணை பட்டை போட்டுக் கட்டியிருந்தது. டயரில் 32 என்று தானாகவே சொன்னார். அங்கிருந்து கிழக்கே வரும்போது அந்தக் காற்று முதுகுப் பக்கம். வண்டி தள்ளிவிட்ட மாதிரி ஓடியது. பாவூர்சத்திரத்தில் நான் தோளைத் தட்டாமலே ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, "இறங்கிக் கொஞ்சம் நடளா" என்றார். அந்தக் கடையில் கழிப்பறை இல்லை என்பது வேறு விஷயம்.